பதினாறாவது பெட்டி

சேதுக்கடல் கலைத் திருவிழாவைப் பார்க்கப் பனையேந்தல் ஊர்க்காரர்கள் பேருந்து ஏறிய அன்று, தவசி விடிந்த பிறகும் பாயைச் சுருட்டாமல் கிடந்தான். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடலாமா என்றுகூட யோசித்தான். ஆனால் அவன் படுத்துவிட்டால் அவன் குரலும் படுத்துவிடுமா என்ன? அது ராமநாதபுரத்தில் ஒரு பழைய நெல் மில்லுக்குள், ஓலைப்பெட்டி ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தக் கதை அவனுடையது அல்ல. அவன் மதினி அமுதவள்ளியுடையது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பத்து வருடத்துக்கு முன்னால் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்த கதை.

நான்கு மாதத்துக்கு முன்பு கீழக்கரையிலிருந்து சூஃபியா என்ற பெண் வந்தாள். சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தவள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கையடக்கமான ஒரு கருவியை வைத்துக்கொண்டு, புழுதி விதைப்பைப் பற்றி யாராவது பேசுங்கள் என்று கேட்டாள். ஊரில் நான்கைந்து பேர் பேசினார்கள். எத்தனை மரக்கால் விதை, எத்தனை உழவு, எந்த வருடம் மழை ஏமாற்றியது, அவ்வளவுதான். தவசியும் அப்படித்தான் ஆரம்பித்தான். அவள் நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டே ஒரு கொட்டாவியை அடக்கினாள். அந்தக் கொட்டாவிதான் அவனைக் கெடுத்தது. தன் பேச்சில் சுவாரசியம் இல்லை என்று ஒரு பெண்பிள்ளை நினைத்துவிடக் கூடாதே என்ற பதைப்பில், மனிதன் வைத்திருந்ததிலேயே நல்ல சரக்கை எடுத்து வெளியே போட்டுவிட்டான். சொல்லச் சொல்ல அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு இடத்தில் சிரித்தாள். முடிக்கும்போது அவள் கண் கலங்கியிருந்தது. தவசிக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

"பேரு போடலாமாண்ணே?" என்று அவள் கேட்டாள்.

"எம் பேரப் போடுங்க. மதினி பேரு வேணாம்" என்றான். அதைப் பெரிய நாகரிகம் என்று அப்போது நினைத்துக்கொண்டான். அவனுக்கு இருப்பது ஒரே அண்ணன். ஒரே மதினி. இது ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனால் கதை எங்கோ சென்னையிலோ கொச்சியிலோ ஒலிக்கப்போகிறது, அங்கே யாருக்குத் தெரியும் என்பது அவன் கணக்கு.

கணக்கு முந்தின நாள் சாயங்காலம் தவறிப்போனது. பெருவாய் முத்தழகு டீக்கடையில் ஒரு நோட்டீஸை விரித்து வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தான். தங்கச்சிமடம் கடற்கரை, மண்டபம், திருப்புல்லாணி என்று வரிசையாக இடங்கள். கடைசியில், ராமநாதபுரம் பழைய நெல் மில், 'புழுதி', நாற்பது விதைப்பெட்டிகள், நாற்பது குரல்கள். குரல் கொடுத்த ஊர்களுக்கெல்லாம் இலவசப் பேருந்து, மத்தியானச் சாப்பாடு. "பதினாறாவது பெட்டி, தவசி, பனையேந்தல்!" என்று முத்தழகு படித்தபோது கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். தவசி டீயில் நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

காலையில் அமுதவள்ளி தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அண்ணன் ஆட்டுக்குத் துணையாக வீட்டிலேயே இருந்துவிட்டார். தவசியின் மனைவி முருகேஸ்வரியும் வரவில்லை.

"வெயிலு மண்டையப் பொளக்கும் மதினி. நீங்க எதுக்குச் சிரமப்பட்டுக்கிட்டு?" என்றான் தவசி.

"நல்லாருக்கே! எங் கொழுந்தனாரு குரலு பெட்டிக்குள்ள கேக்குதாம். அதக் கேக்காம வேற என்னத்துக்குப் போறேன்?"

அவள் சிரித்துக்கொண்டே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் ஈஸ்வரி. ஈஸ்வரியின் புருஷன் மலேசியாவுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. ஆறு மாதமாகப் போனும் இல்லை, ஒன்றும் இல்லை. அவளை வீட்டிலிருந்து கிளப்பிக் கூட்டி வந்ததே அமுதவள்ளிதான்.

பேருந்து கிளம்பும்போது தவசி ஒரு முடிவுக்கு வந்திருந்தான். மில் சாயங்காலம் ஆறு மணிக்கு மூடிவிடும் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. ஆறு மணிக்கு முன்னால் இந்தப் பேருந்து ராமநாதபுரம் போய்ச் சேரக் கூடாது. அவ்வளவுதான்.

தங்கச்சிமடத்தில் கடலை ஒட்டி ஒரு பழைய வள்ளத்தை மணலில் நட்டமாக நிறுத்தியிருந்தார்கள். உள்பக்கம் முழுக்க வெள்ளை அடித்து, அடியில் ஒரு ஓட்டை. உள்ளே நின்று ஓட்டை வழியாகக் கடலைப் பார்க்க வேண்டும்.

"கடலு இந்தா வெளியவே கெடக்கே, அத எதுக்கு ஓட்ட வழியாப் பாக்கணும்?" என்று முத்தழகு கேட்டான். வலை பின்னிக்கொண்டிருந்த உள்ளூர் மீனவர் ஒருவர், "நாங்களும் அதத்தான் பத்து நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பத்து நிமிடத்தில் பார்த்து முடித்திருப்பார்கள். ஆனால் தவசி வள்ளத்துக்குள் புகுந்தவன் வெளியே வரவில்லை. பிறகு, கூட வந்த திருவிழாத் தொண்டர் பிரபுவைப் பிடித்துக்கொண்டான்.

"தம்பி, இந்த வள்ளம் எத்தன வருசத்து வள்ளம்? வெள்ள எதுக்கு அடிச்சிருக்கு? நீலம் அடிக்கக் கூடாதா? ஓட்டய இன்னங்கொஞ்சம் மேல போட்டா என்ன?"

பிரபு பூரித்துப்போனான். பத்து நாளாக அந்தப் பையனிடம் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி கழிப்பறை எங்கே என்பதுதான். அவன் மணலில் குச்சியால் படம் போட்டு விளக்கினான். தவசி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. முக்கால் மணி நேரம் கழிந்தது.

மண்டபத்தில் கடற்கரை நெடுக ஒரு கொடியைக் கட்டி, அதில் நாற்பது வெள்ளைச் சேலைகளைக் காயப் போட்டிருந்தார்கள். கடலில் போய்த் திரும்பாதவர்களின் வீட்டுப் பெண்களுக்காக என்று பலகையில் எழுதியிருந்தது. அதைப் படித்துச் சொன்னதும் பெண்களிடம் பேச்சு நின்றுவிட்டது. ஈஸ்வரி ஒரு சேலையின் முந்தியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். அமுதவள்ளி அவள் தோளைப் பிடித்து அந்தப் பக்கமாக நடத்திக்கொண்டு போனாள். "வந்துருவான்டி. எங்க வீட்டு ஆளும்தான் வடக்க முறுக்குக் கடையில போயிக் கெடந்தாக. ஒண்ணர வருசம் ஒரு தகவலும் இல்ல. வரலையா?" என்று அவள் சொல்வது தவசிக்குக் கேட்டது. அந்த ஒன்றரை வருடத்தில் ஒரு நாளைப் பற்றியதுதான் பதினாறாவது பெட்டி. அவன் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். அங்கேயும் பிரபுவிடம் கேட்க நிறையக் கேள்விகள் வைத்திருந்தான். கேட்க வாய் வரவில்லை.

ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி வந்துவிட்டது. பயம் வெட்கத்தைவிட வேகமாகச் செரித்துவிடும் போலிருக்கிறது. திருப்புல்லாணியில் கோயில் தெருச் சுவர்களில் வரைந்திருந்த பெரிய பெரிய படங்களை ஒவ்வொன்றாக, வாலிலிருந்து தலை வரை விசாரித்தான். பிறகு பெருமாளைக் கும்பிடாமல் போவதா என்றான். கும்பிட்ட பிறகு, தாயாரைக் கும்பிடாமல் போவதா என்றான். ஜனங்களுக்கே கால் கடுத்துவிட்டது.

"தவசிக்குக் கலையில இம்புட்டு ஈடுபாடு இருக்கும்னு நெனைக்கவே இல்லலே" என்று முத்தழகு வாயைப் பிளந்தான்.

பேருந்து திருப்புல்லாணியை விட்டுக் கிளம்பும்போது மணி ஐந்தே முக்கால். தவசி காலையிலிருந்து முதல் தடவையாகச் சாய்ந்து உட்கார்ந்தான். அப்போது முன்னால் நின்றிருந்த பிரபு போனை அணைத்துவிட்டுத் திரும்பினான்.

"ஒரு நல்ல சேதி! மில் ஆறு மணிக்கு மூடிருவாங்க. நான் சூஃபியாக்காகிட்டப் பேசினேன். தவசியண்ணன் ஒவ்வொரு இடத்துலயும் எவ்வளவு ஆர்வமாக் கேட்டாருன்னு சொன்னேன். அவங்களுக்கு ஒரே சந்தோசம். நமக்காக ஏழு மணி வரைக்கும் திறந்து வைக்கிறாங்க!"

பேருந்தே கை தட்டியது. அமுதவள்ளியும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினாள். தவசிக்குத் தன் கன்னத்தில் தானே நான்கு அறை விட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

பனையேந்தல் பக்கத்து விதைப்பைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். மழை பெய்த பிறகு விதைக்கிற சொகுசெல்லாம் அங்கே கிடையாது. ஆவணி, புரட்டாசியில் காய்ந்த புழுதியிலேயே நெல்லைத் தூவி, மேலே ஒரு உழவு ஓட்டி மூடிவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். விதைப்பு நாளில் எல்லா வீட்டுப் பெட்டியும் அய்யனார் கோயில் முன்னால் வரிசையாக வந்து இறங்கும். மஞ்சள் துணியால் மூடியிருக்கும். ஒரு வீட்டுப் பெட்டிக்குள் இன்னொரு வீட்டார் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் விதைக்குக் கண் பட்டுவிடும் என்பார்கள். யார் வீட்டில் நல்ல விதை, யார் வீட்டில் சொத்தை விதை என்பது முளைக்கிற வரைக்கும் அவரவருக்குத்தான் தெரியும். மழை வராவிட்டால் கடைசி வரைக்கும் தெரியாது.

அண்ணன் வடக்கே கிடந்த அந்த வருடம் அமுதவள்ளியின் பெட்டியில் நெல் இல்லை. விதை நெல்லைக் குத்திப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சியிருந்தாள். விதைப்பு நாளில் தன் வீட்டுப் பெட்டி வராமல் போனால் புருஷன் மானம் போகும் என்று பெட்டி நிறையப் பதரை அள்ளி, மேலே மஞ்சள் துணியைக் கட்டி, ஊரோடு ஊராகத் தலையில் தூக்கி வந்தாள். அவள் நிலத்தில் டிராக்டர் ஓட்டியது தவசிதான். அவள் முன்னால் தூவிக்கொண்டு போனாள். நெல் என்றால் கனத்து நேரே விழும். இது விழவே இல்லை, காற்றில் பறந்தது. அவன் ஒன்றும் பேசாமல் ஓட்டி மூடினான். மத்தியானம் வரப்பில் வந்து நின்று அவள் கையை நீட்டினாள். "உங்க அண்ணனுக்குக்கூடத் தெரிய வேணாம் கொழுந்தனாரே." அவன் அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். அந்த வருடம் மழை ஒரு சொட்டுக்கூட இல்லை. ஊர் முழுக்க ஒரு பயிரும் முளைக்கவில்லை. எல்லோர் வயலும் அமுதவள்ளி வயலைப் போலவே கிடந்தது.

மில் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே தரை முழுக்கப் புழுதி மண்ணைப் பரப்பியிருந்தார்கள். உத்தரத்திலிருந்து நாற்பது ஓலைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்குக் கவிழ்ந்து தொங்கின. அடியில் போய் நின்று தலையை உள்ளே விட்டால், அந்தப் பெட்டியின் குரல் கேட்கும். வெளியே நிற்பவர்களுக்குக் கேட்காது. சூஃபியா சுவரோரம் நின்று எல்லோருக்கும் சலாம் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகக் கேளுங்கள், அவசரம் இல்லை என்றாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் தவசி ஓடிப்போய்ப் பதினாறாவது பெட்டிக்குள் தலையை விட்டுவிட்டான்.

முதல் தடவை அவனுக்குத் தன் குரல் என்றே தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் இழுத்து, மைக் முன்னால் நிற்கிற கட்சிக்காரனைப் போலப் பேசியது. "இன்னிய தேதி வரைக்கும் நான் இத யார்கிட்டயும் சொன்னதில்ல" என்று ஆரம்பித்தது. இரண்டாவது தடவை, பதர் பறந்து மதினி முகத்தில் ஒட்டிக்கொண்டதை அவன் நடித்துக் காட்டிச் சிரிக்கிற இடம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டான். மூன்றாவது தடவை, "அன்னிக்கு அவுக மானத்தக் காப்பாத்துனது நாந்தான்" என்று அந்தக் குரல் சொன்னது. கதை மூன்று நிமிடம். முடிந்தால் ஐந்து நொடி அமைதி. மறுபடி செருமல்.

வெளியே எங்கெங்கோ தலை விட்டவர்கள் குதூகலித்துக்கொண்டிருந்தார்கள். "இது சாயல்குடிக்காரரு போலருக்கு." "ஏய், எம் பெட்டியில நானு!" யாரோ அவன் முதுகில் தட்டினார்கள். அவன் நகரவில்லை.

"என்னலே, உள்ளயே குடித்தனம் வச்சிட்டியா?" என்றது முத்தழகின் குரல். "சொந்தக் குரல இப்பிடியா ரசிப்பான் ஒருத்தன்!" நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஏழு மணி வரைக்கும் நின்றுவிட்டால் போதும்.

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ கேட்டபோதுதான், கதை எங்கே ஆரம்பிக்கிறது என்பது தவசிக்கு உறைத்தது. விதைப்பு நாள் காலையில் ஆரம்பித்தது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அதில் இல்லை. சூஃபியாவிடம் சொல்லும்போது மறந்து விட்டதல்ல அது. வாய்க்கு வந்ததை அவனே விழுங்கினான்.

முந்தின நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் அமுதவள்ளி அவன் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் காலிப் பெட்டி. "ரெண்டு மரக்கா விதை நெல்லு குடுங்க கொழுந்தனாரே. அறுத்ததும் தந்துருறேன்." அவனுக்குப் பின்னால், உள்வீட்டில், குலுக்கை நிறைய நெல் இருந்தது. விதைத்தது போக ஒரு வருடம் சாப்பிடலாம். முருகேஸ்வரி எழுந்து குலுக்கைப் பக்கம் போகக்கூடச் செய்தாள். அவன் ஒரு பார்வை பார்த்தான், அவள் நின்றுவிட்டாள். அண்ணன் வடக்கே போகும்போது தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை என்ற கோபம் அவனுக்கு. அதற்கு அண்ணன் பெண்டாட்டி பிள்ளைகளின் பெட்டியா கிடைத்தது? "எங்களுக்கே பத்தாது மதினி" என்றான். அவள் சரி என்று சொல்லிவிட்டுப் பெட்டியை இடது இடுப்பிலிருந்து வலது இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போனாள். காலிப் பெட்டிக்கு ஏது கனம், எதற்கு மாற்றினாள் என்று அப்போது அவனுக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றியது.

"அன்னிக்கு அவுக மானத்தக் காப்பாத்துனது நாந்தான்" என்று மறுபடியும் சொன்னது அவன் குரல்.

"தள்ளுங்க கொழுந்தனாரே. நாங்களும் கேக்க வேணாமா?"

அமுதவள்ளி அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். தலையை வெளியே எடுத்தான். வேர்த்து ஊற்றியிருந்தது. பின்னால் ஊரே வட்டம் கட்டி நின்றது. "மதினி, வேணாம், அதுல ஒண்ணும் இல்ல" என்றான். அவள் "சும்மா இருங்க" என்று சிரித்துக்கொண்டே உள்ளே தலையை விட்டுக்கொண்டாள்.

ஓலைப்பெட்டியும் அதற்குக் கீழே ஒரு பச்சைச் சேலையும்தான் தெரிந்தன. முகம் தெரியவில்லை. தவசி அவள் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதலில் ஒரு கால் சாவகாசமாக மற்றொரு காலைச் சொறிந்தது. பிறகு நின்றுவிட்டது. செருமல் முடிந்து, அய்யனார் கோயில் வந்து, இப்போது மஞ்சள் துணி என்று மனதுக்குள் கணக்குப் போட்டான். பதர் பறக்கிற இடம் வந்திருக்கும் என்று அவன் நினைத்த நேரத்தில், அவள் கால் விரல்கள் புழுதிக்குள் மடங்கின. முந்தானையைப் பிடித்திருந்த கை மெல்ல இறங்கித் தொங்கியது. அவள் வெளியே வந்துவிடுவாள் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. முழுக்கக் கேட்டாள். அந்த மூன்று நிமிடத்தில் பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று தவசி நிஜமாகவே தரையைப் பார்த்தான்.

அவள் வெளியே வந்தபோது தலைமுடியில் ஒரு ஓலைத் துணுக்கு ஒட்டியிருந்தது. முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

"என்ன மதினி, என்ன சொல்றான் நம்மாளு?" என்றான் முத்தழகு.

அமுதவள்ளி தவசியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஊரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக் கததான். அந்த மழ இல்லாத வருசம் இவுக அண்ணன் வடக்க கெடந்தாகள்ல. விதைக்கு ஒரு மணி நெல்லு இல்ல. முத நாளு பொழுதடைய காலிப் பெட்டியோட இவுக வாசல்ல போயி நின்னேன். நான் வாயத் தொறக்குறதுக்குள்ள ரெண்டு மரக்கா அள்ளிப் போட்டு, சத்தங்காட்டாமப் போங்க மதினின்னு அனுப்பி வச்சாக. அதச் சொல்லுறாக."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. யாரோ ஒரு பெண் "அடியாத்தே" என்றாள். பெட்டியில் அவன் சொல்லாமல் விட்ட சாயங்காலத்தை அவள் எடுத்துச் சொல்லிவிட்டாள். ஆனால் அவன் நடந்துகொண்டிருக்க வேண்டிய விதத்தில் சொல்லிவிட்டாள்.

"பத்து வருசமா மூச்சு விடலையே இந்தப் பய! அவன் வாயாலயே கேக்கணும், தள்ளுங்க" என்று முத்தழகு பெட்டிக்கு நேரே வந்து தலையை உள்ளே விட்டான். தவசி அசையவில்லை. அசைய முடியவில்லை. சரி, கேட்டுத் தொலையட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

முத்தழகு உடனே தலையை வெளியே எடுத்தான். "என்னப்பா, சத்தத்தையே காணோம்?"

மற்ற பெட்டிகளிலிருந்தும் தலைகள் வெளியே வந்தன. சுவரோரம் சுவிட்ச் பலகைக்கு முன்னால் சூஃபியா நின்றிருந்தாள். "கரண்டு போயிருச்சு போலருக்குண்ணே. நேரமும் ஆயிருச்சு, மன்னிச்சுக்கங்க" என்றாள். அவள் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. அந்தக் கதையை எத்தனை முறை கேட்டு, வெட்டி, ஒட்டியிருப்பாள் அவள்! அமுதவள்ளி சொன்னதையும் நின்று கேட்டாள். அவள் தவசியைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. அன்று கொட்டாவியை அடக்கியவள், இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் அமுதவள்ளியின் பக்கத்தில் வந்து, "நாளைக்கி அந்தப் பெட்டியச் சும்மாத் தொங்க விட்டுறேம்மா" என்று மெதுவாகச் சொன்னது தவசிக்குக் கேட்டது. அமுதவள்ளி அவள் கன்னத்தைத் தடவிவிட்டு வந்தாள்.

திரும்பும் வழியில் பேருந்துக்கு வேறு பேச்சில்லை. நட்டமாக நின்ற வள்ளத்தையும் வெள்ளைச் சேலைகளையும் ஊர் மறந்துவிட்டது. முத்தழகு நடுவில் நின்றுகொண்டு, தவசி நெல் அள்ளிப் போட்டதைக் கூட இருந்து பார்த்தவனைப் போல நடித்துக் காட்டினான். இரண்டு மரக்கால், பேருந்து உத்தரகோசமங்கை தாண்டுவதற்குள் நான்கு மரக்காலாகியிருந்தது. இந்த வருடம் அய்யனார் கோயிலில் முதல் பிடி விதையைத் தவசி கையால்தான் எடுக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். ஆமாம் ஆமாம் என்றார்கள். தவசிக்கு அவர்கள் ஒவ்வொருவரும் எழுந்து வந்து முகத்தில் காறித் துப்பினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. ஒருவரும் துப்பவில்லை. ஒருவர் அவனுக்குக் கடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். அதைப் பிரிக்காமல் கையில் வைத்திருந்தான்.

முத்தழகு ஓய்ந்து உட்கார்ந்த பிறகு ஈஸ்வரி எழுந்து வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவன் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றாள். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காத குரலில் பேச முயன்றாள். பேருந்து இரைச்சலில் அது முடியவில்லை.

"அண்ணே, கேக்கக் கூசுது. எங்க வீட்டுலயும் இந்த வருசம் விதைக்கு இல்ல. அவருகிட்டருந்து ஒரு தகவலும் இல்ல. ரெண்டு மரக்கா குடுத்தீகன்னா, அறுத்ததும் தந்துருறேன். நாளைக்கிச் சாயங்காலம் பெட்டிய எடுத்துக்கிட்டு வாரேண்ணே."

தவசி நிமிர்ந்து பார்த்தான். ஈஸ்வரியைத் தாண்டி ஜன்னலோரத்தில் அமுதவள்ளி வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சாலையின் இரண்டு பக்கமும் உழுது போட்ட நிலம் விதைப்புக்குக் காத்துக் கிடந்தது.

"வாத்தா. வந்து வாங்கிக்க" என்றான்.

அமுதவள்ளி ஜன்னலிலிருந்து திரும்பினாள். மில்லை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. குரலில் கடுப்பு இல்லை. வீட்டில் ஏதாவது வேலை சொல்வாளே, அப்படித்தான் சொன்னாள்.

"அவள எதுக்கு வரச் சொல்றீக கொழுந்தனாரே? நீங்களே கொண்டுபோயிக் குடுத்துட்டு வாங்க. காலிப் பெட்டிய இடுப்புல வச்சுக்கிட்டு ஒரு பொம்பள உங்க வாசல்ல நிக்க வேணாம்."

"சரி மதினி" என்றான் தவசி.